கலகெதரவிலிருந்து நித்தவளை எவ்வளவு தூரம்?

இலங்கையில் கிரிக்கெட்டுக்கு நிகராக, சில வேளைகளில் அதற்கும் மேலாக, றக்பி ஆட்டத்தை நேசிக்கும் நகரம் ஒன்று உண்டென்றால் அது கண்டியே எனலாம். நித்தவளை மைதானத்தில் கண்டி விளையாட்டுக் கழகம் களமிறங்கும் நாட்களில் அரச உத்தியோகத்தர், வியாபாரி, முச்சக்கரவண்டிச் சாரதி என்ற வேறுபாடின்றி நகரமே அங்கு திரண்டு விடுகிறது. ஆயினும் இத்தனை ஆரவாரத்துக்கும் உரியவராகிய வீரர் இருபது வயதில் எவ்வழியாக அக்களத்துக்கு வந்து சேர்ந்தார், முப்பது வயதுக்குப் பின்னர் எங்கு செல்கிறார் என்ற வினாவை நாம் எழுப்புவது அரிது.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை ஊடாகக் குருநாகல் செல்லும் பெருந்தெருவில், ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது கலகெதர. சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் அச்சிறு நகரின் சிறுவன் ஒருவன் பஸ்ஸில் ஏறினால், ஒரு மணித்தியாலம் அளவில் நித்தவளையை எட்டிவிடலாம். ஆனால் அதே சிறுவன் பார்வையாளனாக அன்றி வீரனாக அங்கு சென்றடைய வேண்டுமாயின் அத்தூரம் எவ்வளவு? இவ்வினாவுக்கு விடை காண, றக்பியைத் தொழிலாக வளர்த்தெடுத்த ஒரு தேசத்தின் அனுபவத்தை நோக்குவது பொருத்தமாகும். உலகக்கிண்ணத்தை 1995, 2007, 2019, 2023 என நான்கு தடவைகள் வென்ற தென்னாபிரிக்காவே அத்தேசம்.

றக்பி யூனியன் ஆட்டம் நூறாண்டுகளுக்கு மேலாக ஊதியமற்ற ஆட்டமாகவே பேணப்பட்டது. ஆடுவதற்குப் பணம் பெறுவது குற்றமாகக் கருதப்பட்டது. 1995 ஆகஸ்ட் மாதத்தில் பாரிஸ் நகரில் கூடிய சர்வதேச றக்பிச் சபை அத்தடையை நீக்கியது. ஜொஹன்னஸ்பேர்க்கில் நியூசிலாந்தை 15-12 என வீழ்த்தித் தென்னாபிரிக்கா முதலாவது உலகக்கிண்ணத்தை வென்று இரு மாதங்களே கடந்திருந்தன. நெல்சன் மண்டேலா அணித்தலைவரின் 6 ஆம் இலக்கச் சட்டையை அணிந்து கிண்ணத்தைக் கையளித்த அக்காட்சியை உலகம் மறக்கவில்லை. ஆனால் அன்றைய வெற்றி அணியில் வெள்ளையர் அல்லாத வீரர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர் மாத்திரமே என்பதும் நினைவுகொள்ள வேண்டியதாகும். நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின்னரும், பெரிய பாடசாலைகளின் வாயிலாகவே அணிக்குள் நுழைய முடியும் என்ற நிலை உடனடியாக மாறிவிடவில்லை.

அந்த வாயிலினூடாக உள்ளே வந்தவர்களில் புகழ்பெற்றவர் சியா கொலிசி. 1991 இல் போர்ட் எலிசபெத் நகரின் ஸ்விடே என்னும் வறிய குடியிருப்பில் பிறந்து பாட்டியால் வளர்க்கப்பட்ட இவர், பன்னிரண்டு வயதில் கிடைத்த புலமைப்பரிசிலால் பெயர்பெற்ற கிறே பாடசாலையில் சேர்ந்தார். 2013 இல் தேசிய அணிக்கும், 2018 இல் அதன் முதலாவது கறுப்பின டெஸ்ட் தலைமைக்கும் உயர்ந்தார். 2019 இலும் 2023 இலும் உலகக்கிண்ணத்தைக் கைகளில் ஏந்தினார்.

ஆயினும் கலகெதரச் சிறுவனுக்கு நெருக்கமான கதை கொலிசியினுடையது அன்று, மகாசோலே மபிம்பியினுடையது. 1990 இல் பிறந்த மபிம்பி, கிழக்கு கேப் மாகாணத்தின் ட்சோலோம்ன்கா என்னும் கிராமப்புறத்தைச் சேர்ந்தவர். புகழ்பெற்ற றக்பிப் பாடசாலை எதிலும் அவர் பயிலவில்லை. தாயையும் சகோதரியையும் சகோதரனையும் அடுத்தடுத்து இழந்தவர். தேசிய மட்டத் தெரிவாளர்களின் பார்வை அரிதாகவே விழும் போர்டர் என்ற சிறிய மாகாண அணியில் தொடங்கி, 2017 இல் சதர்ன் கிங்ஸ் அணிக்காக சுப்பர் றக்பித் தொடரில் ஆடினார். அவ்வாண்டின் முடிவில் அந்த அணியே தொடரிலிருந்து நீக்கப்பட்டது. அங்கிருந்து சீட்டாஸ், பின்னர் ஷார்க்ஸ் என அணி மாறி, 2018 இல் தேசிய அணியில் இடம்பிடித்தபோது அவருக்கு வயது 27. மறுவருடம் யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என வென்ற இறுதிப்போட்டியில், தென்னாபிரிக்கா சார்பில் உலகக்கிண்ண இறுதிப்போட்டி ஒன்றில் வைக்கப்பட்ட முதலாவது ட்ரை அவருடையதே. 1995, 2007 ஆகிய இரு இறுதிப்போட்டிகளையும் தென்னாபிரிக்கா ஒரு ட்ரையேனும் இன்றி, உதைகளால் பெற்ற புள்ளிகளைக் கொண்டே வென்றிருந்தது.

தனிமனித விடாமுயற்சியின் வெற்றியாக மாத்திரம் இதனைக் கொள்வது முழு உண்மையாகாது. ஒரு படியில் தவறவிட்டவர் மறுபடியில் ஏறக்கூடிய ஏணி ஒன்று அங்கு இருந்தது என்பதே கவனிக்கத்தக்கது. மாகாணப் பாடசாலை அணிகள் மோதும் கிறேவன் வாரம் 1964 முதல் நடைபெற்று வருகிறது. பல்கலைக்கழக அணிகளுக்கான வார்சிட்டி கிண்ணம் 2008 இல் ஆரம்பிக்கப்பட்டது. அவற்றுக்கு மேலே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய கறி கிண்ணமும், அதற்கும் மேலே ஐரோப்பியக் கழகங்களுடன் மோதும் நான்கு பெரிய அணிகளும் உள்ளன. அதற்கப்பால் பிரான்ஸ், இங்கிலாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளின் கழகங்கள் காத்திருக்கின்றன. பதினெட்டு வயதில் எவரது கண்ணிலும் படாத ஒருவர் இருபத்தேழு வயதில் தேசிய வீரராவது இத்தகைய அமைப்பிலேயே சாத்தியமாகும்.

ஏணி எத்தகையதாயினும் வீழ்ச்சியும் உண்டு. 2023 உலகக்கிண்ணத்தின்போது டொங்கா அணிக்கு எதிரான போட்டியில் முகவெலும்பு முறிந்ததால் மபிம்பி தொடரின் எஞ்சிய போட்டிகளை இழந்தார். தென்னாபிரிக்கா நியூசிலாந்தை ஒரே புள்ளியால் வென்ற இறுதிப்போட்டியில் அவர் களத்தில் இல்லை. உலகத்தரம் வாய்ந்த வீரருக்கும் ஒரு மோதலில் எல்லாம் மாறிவிடக்கூடிய ஆட்டம் இது. தலையில் ஏற்படும் அதிர்வுகள் இன்னும் கொடியவை. 2003 இல் உலகக்கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தொம்சன், தமக்கு இளவயதிலேயே மறதிநோய் பீடித்துள்ளதாகவும், அந்த வெற்றியே தமது நினைவில் இல்லை எனவும் 2020 இல் வெளிப்படுத்தியபோது றக்பி உலகம் அதிர்ந்தது.

இவ்விடயத்தில் தென்னாபிரிக்காவிடம் நாம் கற்க வேண்டிய பாடம் கிண்ணங்களை விடவும் பெறுமதியானது. 1980 இல் கறி கிண்ணப் போட்டியொன்றில் கழுத்தில் காயமடைந்து கிறிஸ் பேர்கர் என்ற வீரர் உயிரிழந்தார். அவரது அணித்தலைவராயிருந்த மோர்னே டு பிளெசி முன்னின்று ஆரம்பித்த நிதியம், பின்னர் அவ்வாறே உயிரிழந்த பெட்ரோ ஜாக்சனின் பெயரையும் இணைத்துக்கொண்டு, முள்ளந்தண்டு முறிந்து செயலிழந்த வீரர்களுக்கு உதவி வருகிறது. தேசிய அணி வீரருக்கு மட்டுமன்றிக் கிராமக் கழகத்தில் ஆடி முடமானவருக்கும் அது கைகொடுக்கிறது. 2009 இல் அந்நாட்டு றக்பி நிர்வாகம் அந்நிதியத்துடன் இணைந்து பொக்ஸ்மாட் எனும் பாதுகாப்புத் திட்டத்தை ஆரம்பித்தது. அதன்படி பயிற்றுநர்களும் மத்தியஸ்தர்களும் குறித்த காலத்துக்கு ஒருமுறை பாதுகாப்புப் பயிற்சி பெற்றுச் சான்றிதழைப் புதுப்பித்தாக வேண்டும். வீரர்களுக்கெனத் தனிச் சங்கம் இருப்பதால் ஒப்பந்தம், காப்புறுதி என்பன குறித்து அவர்களது சார்பில் பேசவும் ஆளுண்டு. தொழில்முறை என்ற சொல்லுக்கு ஊதியம் மட்டும் பொருளன்று; இவையனைத்தும் சேர்ந்ததே அதன் பொருள்.

இப்பின்னணியில் கண்டியை நோக்குவோம். வரலாற்றில் நாம் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். எல். ஈ. பிளேஸ் 1891 இல் நிறுவிய கிங்ஸ்வூட் கல்லூரியே இலங்கைப் பாடசாலைகளில் றக்பி ஆட்டத்துக்கு வித்திட்டது. 1906 இல் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதிய போட்டி நாட்டின் முதலாவது பாடசாலை றக்பிப் போட்டியாகப் பதிவாகியுள்ளது. திரித்துவக் கல்லூரிக்கும் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் இடையிலான பிராட்பி கேடயப் போட்டி 1945 முதல் நடைபெறுகிறது. 1874 இல் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகம், 1992 இல் முதன்முறையாகக் கிளிஃபர்ட் கிண்ணத்தை வென்றதிலிருந்து கொழும்புக் கழகங்களின் ஆதிக்கத்தைத் தகர்த்து, உள்ளூர் றக்பியின் அசைக்க முடியாத சக்தியாக எழுந்தது.

அக்கழகம் உருவாக்கிய வீரர்களுள் பாசில் மரிஜாவின் தொழில்வாழ்வு எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது. கிங்ஸ்வூட் கல்லூரியில் பயின்று, ஃபிளை ஹாஃப் நிலையில் ஆட்டத்தின் போக்கையே தீர்மானிப்பவராகத் திகழ்ந்து, கண்டி அணிக்கும் தேசிய அணிக்கும் தலைமை தாங்கிய அவர், ஓய்வின் பின்னர் அதே கழகத்தின் பயிற்றுநராகவும் பொறுப்பேற்றார். ஒரு வீரரின் அறிவு மைதானத்தை விட்டு வெளியேறாமல் அடுத்த தலைமுறையைச் சென்றடைந்த நல்ல உதாரணம் இது. ஆனால் ஒரு கழகத்துக்குத் தலைமைப் பயிற்றுநர் ஒருவரே தேவை. அவருடன் தோளோடு தோள் நின்று ஸ்க்ரமில் முட்டிமோதிய ஏனையோரின் நிலை யாது?

இங்குதான் நமது அமைப்பின் பலவீனம் புலப்படுகிறது. பாடசாலை அணிக்குப் பழைய மாணவர்களின் பணமும் பத்திரிகைகளின் முதற்பக்கமும் கிடைக்கின்றன. அதன் பின்னர் கழகங்கள் பருவகால ஒப்பந்தத்தில் கொடுப்பனவு வழங்குகின்றன. ஓய்வூதியத்துடன் கூடிய நிரந்தரத் தொழிலைத் தரக்கூடியவை பொலிஸ், தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அணிகளே. அச்சீருடைகளை அணியும் தமிழ் பேசும் இளைஞர்கள் மிகச் சிலரே என்பதால், அப்பாதையும் அவர்களுக்கு நடைமுறையில் குறுகியதாகி விடுகிறது. போதாக்குறைக்கு நிர்வாகச் சிக்கல்களின் விலையையும் வீரரே செலுத்துகின்றார். 2023 இல் அரசியல் தலையீட்டைக் காரணங்காட்டி உலக றக்பி அமைப்பு இலங்கையை இடைநிறுத்தியது. அத்தடை பின்னர் நீக்கப்பட்டது. எனினும் பத்து வருடங்கள் மாத்திரமே நீளும் ஒரு தொழில்வாழ்வில் இழந்த மாதங்களை எவரும் மீட்டுத்தர முடியாது.

கலகெதர போன்ற ஊர்களின் நிலை இதற்கும் முந்திய கட்டத்திலேயே தேங்கி நிற்கிறது. கண்டி மாவட்டத்தின் றக்பி என்பது திரித்துவம், கிங்ஸ்வூட், தர்மராஜ, வித்யார்த்த, புனித அந்தோனியார், புனித சில்வெஸ்டர் எனும் நகரையும் அதன் அண்மையையும் சேர்ந்த ஒருசில கல்லூரிகளின் றக்பியே. புறநகர்ப் பாடசாலைகளில், குறிப்பாகத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில், இவ்வாட்டத்துக்கான பந்தையேனும் காண்பது அரிது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை கிராமத்துப் பிள்ளையின் ஏட்டறிவுக்குப் பெரிய பாடசாலையின் கதவைத் திறக்கிறது. உடல்வலிமைக்கும் விளையாட்டுத் திறனுக்கும் அந்த அளவுக்குப் பரவலானதும் வெளிப்படையானதுமான கதவு எதுவும் இல்லை. கொலிசிக்குக் கிடைத்த புலமைப்பரிசிலும் இங்கில்லை. மபிம்பிக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பும் இங்கில்லை.

தென்னாபிரிக்காவின் செல்வமும் ஒளிபரப்பு வருமானமும் நம்மிடம் இல்லை என்ற வாதம் நியாயமானதே. ஆனால் செய்யக்கூடியவற்றுள் பல பெரும் பணத்தை வேண்டி நிற்பவை அல்ல. மோதலின்றி ஆடப்படும் தொடு றக்பியைப் புறநகர்ப் பாடசாலைகளில் அறிமுகப்படுத்த ஒரு பந்தும் ஒரு பயிற்றுநரும் போதும். ஓய்வுபெற்ற கண்டி வீரர்களை அப்பணிக்கு நியமித்தால் ஒரே செயலால் இரு குறைகள் தீரும். விதிமுறைகளையும் பாதுகாப்பு வழிகாட்டல்களையும் தமிழிலும் அச்சிட்டு வழங்கலாம். தலையில் அதிர்வு ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்படும் வீரரை உடனடியாக மைதானத்திலிருந்து அகற்ற வேண்டும் என்பதை ஒவ்வொரு பயிற்றுநரும் பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும். சமூகமட்ட வீரர் அதன் பின்னர் 21 நாட்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பலாகாது என்ற உலக றக்பி அமைப்பின் வழிகாட்டலும் அவ்வாறே அறியப்பட வேண்டும். போட்டிகளின் நுழைவுச்சீட்டு வருமானத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, காயமடைந்த வீரர்களுக்கான நிதியம் ஒன்றை அமைப்பதும் இயலாத காரியமன்று. கிறிஸ் பேர்கரின் நண்பர்கள் அதனை ஆரம்பித்தபோது, தென்னாபிரிக்காவில் றக்பி வீரர் எவரும் ஊதியம் பெற்றிருக்கவில்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் தகும்.

இளைஞன் ஒருவன் தன் உடலின் மிகச் சிறந்த பத்து வருடங்களை ஒரு நகரின் மகிழ்ச்சிக்காக ஒப்புக்கொடுக்கும்போது, அந்நகரும் அவனுக்கு ஏதோவொன்றைக் கடன்பட்டிருக்கிறது. அக்கடனைத் தீர்க்கும் பொறுப்பு விளையாட்டமைச்சுக்கு மட்டுமன்றிக் கழகங்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும், மைதானத்தில் கரகோஷம் எழுப்பும் நம் அனைவருக்கும் உரியதாகும். அடுத்த பருவத்துக்கான திட்டங்களைக் கழகங்கள் வகுக்கும்போது காயநிதியத்துக்கும் புறநகர்ப் பாடசாலைகளுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படுமாயின், கலகெதரவுக்கும் நித்தவளைக்கும் இடையிலான தூரம் சற்றேனும் குறையும்.