தலைமடையா, கடைமடையா?

மேலூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அமெரிக்காவில் வீட்டு மேஜை மேலேயே ரைபிளைப் பூட்டுகிறார்கள். முதல் ரைபிளுக்குக் கேஸ் சிஸ்டம் எவ்வளவு நீளம் வேண்டும் என்று வீடியோவுக்கு வீடியோ சண்டை. அப்படி என்னதான் இருக்கிறது அந்த நீளத்தில்?”

இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். ஆகவே தேர்ந்தெடுக்கும் தொல்லை நமக்கில்லை. ஆனால் கேள்விக்குள் இருக்கும் இயற்பியல் அருமையானது.

அவர்கள் பூட்டுவது பெரும்பாலும் ஏஆர்-15 வகை. குழலின் மேல்புறம் ஒரு பொடித்துளை. எரிந்த வெடிமருந்தின் வாயுவில் கொஞ்சம் அதன் வழியாகப் பின்னால் திரும்பி, போல்ட்டைத் திறந்து, காலிக் கூட்டை வெளியே எறியவைக்கிறது. ஸ்பிரிங் போல்ட்டை மீண்டும் முன்னே தள்ளும்போது அடுத்த தோட்டா ஏறிவிடும். தோட்டா அறையிலிருந்து அந்தத் துளை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ‘நீளம்’. பிஸ்டல் நீளம் சுமார் 4 அங்குலம், கார்பைன் 7½, மிட் 9½, ரைபிள் 13.

பேரணையில் பிரியும் பெரியாறு கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். கள்ளந்திரிப் பக்கம் பாய்ச்சலாக வரும் தண்ணீர் மேலூர்க் கடைமடைக்கு வரும்போது சோர்ந்துவிடும். குழலிலும் அதே கதை. அறைக்குள் ஏறக்குறைய 4,000 வளிமண்டல அழுத்தம் வரை எகிறும் வாயு, குண்டு முன்னேற முன்னேற விரிந்து தளர்கிறது. தலைமடையில் துளை போட்டால் வரப்பை உடைத்துக்கொண்டு பாயும். ஆகவே தலைமடைக்காரர் மடைவாயைக் கல் வைத்துச் சுருக்குவார். கார்பைன் துளையும் ரைபிள் துளையைவிடச் சிறியதுதான். குழல் என்ற இந்தக் கால்வாய்க்கு இன்னொரு விசித்திரம் உண்டு: அதன் கடைசிக் கரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கரைதான் குண்டு. கரை மடையைத் தாண்டிய பிறகே உங்களுக்குத் தண்ணீர். அது வாய்க்கால் முனையை எட்டியதும் உடைந்து, மொத்தத் தண்ணீரும் ஓடைக்குப் போய்விடும். இடைப்பட்ட நேரத்தில் பாய்ந்ததுதான் உங்கள் வயலுக்கு. நீர்வளத் துறைக்கு மனு போட்டாலும் கூடுதல் முறை கிடைக்காது.

அந்த நேரம் எவ்வளவு? எம்-16 ரைபிளின் குழல் 20 அங்குலம், துளை 13-இல். மிச்சம் 7. எம்-4 கார்பைனின் குழல் 14½ அங்குலம், துளை 7½-இல். அங்கேயும் மிச்சம் 7! நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் ஓடும் குண்டுக்கு இது ஒரு மில்லி விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. நேரம் ஒன்றுதான், ஆனால் எம்-4-க்குக் கிடைப்பது தலைமடைத் தண்ணீர். போல்ட் முந்திக்கொண்டு திறக்கப் பார்க்கும். பித்தளைக் கூடோ அழுத்தத்தில் உப்பி அறைச் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுக்கும் கொக்கி தேயும், சில வேளை கூட்டின் விளிம்பே கிழியும். மாறாக, குட்டைக் குழலில் நீளமான சிஸ்டத்தை வைத்தால் வாயுவுக்கு நேரம் போதாது. போல்ட் பாதி வழியில் திரும்பிவிடும். 16 அங்குலக் குழலுக்குப் பலர் மிட் நீளத்தைச் சொல்வதன் காரணம் இந்தக் கணக்குதான், மிச்சம் 6½.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வாயுவை வீணாக்காமல் வேலை வாங்கலாம் என்று துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் 1889-இல் சோதித்துப் பார்த்தார். 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற காரண்ட் ரைபிள் முதலில் குழலின் முனையில் வாயுவைப் பிடித்து, பிறகு துளைக்கு மாறியது. வியட்நாமில் எம்-16-இன் மருந்தை மாற்றினார்கள். துளையருகே அழுத்தம் ஏறியது, சுடும் வேகம் கூடியது, துப்பாக்கிகள் சிக்கின. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அதை விசாரித்தது. துளையின் இடம் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் பக்கம் வந்தால், 1966-இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் இன்சாஸ் ரைபிளில் வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது. அளவைக் கூட்டிக் குறைக்க ரெகுலேட்டர் உண்டு. அங்கேயே செய்யும் ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ கலாஷ்நிகோவ் வகை. கலாஷ்நிகோவில் ரெகுலேட்டர் கிடையாது. புழுதியிலும் சேற்றிலும் நின்றுவிடக் கூடாது என்று தேவைக்கு மேலேயே வாயுவைக் கொடுத்துவிடுவார்கள். முரட்டு உதை அதற்கான விலை. இரண்டிலும் துளையின் இடத்தை வடிவமைப்பாளர் ஒரே தடவை முடிவு செய்துவிட்டார்; சிப்பாயிடம் யாரும் கேட்பதில்லை.

‘மிட் நீளம் வெண்ணெய் மாதிரி சுடும்’ என்ற விளம்பரத்தில் உண்மை கொஞ்சம் உண்டு. ஆனால் தோளில் விழும் உதையை போல்ட்டின் எடை, ஸ்பிரிங், தோட்டா எல்லாமே மாற்றும். குழலின் நீளத்தையும் துளையின் விட்டத்தையும் சொல்லாமல் கேஸ் நீளத்தை மட்டும் புகழ்பவர், கழித்தல் கணக்கில் ஒரு எண்ணை மறைத்துவிட்டு விடையை மட்டும் விற்கிறார்.