இருபது மில்லிமீட்டர் சட்டம்

2002-இல் ஓசூர் டைட்டன் ஆலையிலிருந்து ‘எட்ஜ்’ கைக்கடிகாரம் வெளிவந்தது. மொத்தத் தடிமனே 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். ஒரு பொருள் மெலிய வேண்டுமென்றால் அதன் அளவுப் பிசகு முதலில் மெலிய வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் ஓசூர்ப் பட்டறைகளில், எவ்வளவு பிசகலாம் என்ற வரம்பைக் குறிக்கும் ‘டாலரன்ஸ்’ என்ற சொல்லைத் தினமும் கேட்கலாம். லேலண்டுக்கும் டி.வி.எஸ்.ஸுக்கும் பாகம் கடைந்து கொடுத்த ஊர் இது.

அந்தக் கணக்கு இப்போது படுக்கையறைக்குள்ளும் வந்துவிட்டது. ஓசூரிலும் எல்லைக்கு அப்பால் பெங்களூரின் தெற்குப் புறநகரிலும் எழும் புதிய வீடுகளில், தரையிலிருந்து பரண் வரை ஒரே வீச்சாக நிற்கும் அலமாரிக் கதவுகளைக் காண்கிறோம். விரல் அகலத்தில் கறுப்பு அல்லது ஷாம்பெயின் நிற அலுமினியச் சட்டம், நடுவில் கண்ணாடி. இன்டீரியர் வேலை செய்பவர்கள் இதை ‘புரொஃபைல் ஷட்டர்’ என்கிறார்கள். சட்டத்தின் முகம் பலவற்றில் 20 மில்லிமீட்டர்தான். இவ்வளவு ஒல்லியான சட்டம் எட்டடி உயரத்தை வளையாமல் தாங்குவது எப்படி?

பதில் அச்சில் இருக்கிறது. இந்தச் சட்டங்களுக்குப் பெரும்பாலும் 6063 என்ற கலவை பயன்படுகிறது. அலுமினியத்தோடு மக்னீசியமும் சிலிக்கானும் ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்ந்தது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். உருளைக் கட்டியை உருகவிடாமல் 450 முதல் 500 டிகிரி வரை சூடாக்கி, ஹைட்ராலிக் அழுத்தத்தால் எஃகு அச்சின் துளை வழியே தள்ளுகிறார்கள். முறுக்கு பிழிவது போலத்தான். ஆனால் முறுக்குக்கு நடுவில் ஓட்டை கிடையாது. இந்தச் சட்டத்துக்கு உள்ளே வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தை உண்டாக்கும் நடுத்தண்டை எதில் நிறுத்துவது? அச்சுக்குள்ளேயே பாலம் போன்ற கால்களில் நிறுத்துகிறார்கள். வரும் உலோகம் அந்தக் கால்களில் மோதி இரண்டாக, நான்காகப் பிரிகிறது. கால்களைத் தாண்டியதும் ஓர் அறையில் மீண்டும் கூடி ஒட்டிக்கொள்கிறது. உருகாமலே ஒட்டுகிறது! பிளந்த பரப்பில் காற்றுப் படாததால் ஆக்சைடு படியவில்லை. சூடும் அழுத்தமும் சேர்ந்து உலோகத்தை உலோகத்தோடு இணைத்துவிடுகின்றன. நம் கையில் இருக்கும் சட்டத்தில் அந்த ஒட்டு நெடுகிலும் ஓடுகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வெளிவந்த நீளத்தைக் காற்றடித்து ஆற்றி, இரு முனையிலும் பிடித்து இழுத்து நேராக்குகிறார்கள். அப்போது அது இன்னும் மென்மையாகவே இருக்கும். பிறகு 200 டிகிரிக்குச் சற்றுக் குறைவான உலையில் சில மணி நேரம் வைக்கும்போது மக்னீசியமும் சிலிக்கானும் நுண்துகள்களாகப் பிரிந்து உலோகத்துக்குள் முளை அடித்தாற்போல் நிற்கின்றன. அதற்குப் பின்தான் வலு. காலம் கடந்தால் அலுமினியக் கலவை கடினமாகும் என்பதை ஜெர்மானியர் ஆல்ஃபிரட் வில்ம் 1906 வாக்கில் ஒரு செம்புக் கலவையில் கண்டார். விமானம் முதல் அலமாரி வரை அந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்கின்றன.

மிச்ச வலு வடிவத்தில் இருந்து வருகிறது. எஃகோடு ஒப்பிட்டால் அலுமினியத்தின் விறைப்பு மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் வளைவை எதிர்க்கும் திறன் ஆழத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும்: ஆழம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. எனவே உலோகத்தை நடுவிலிருந்து எடுத்து ஓரத்துக்குத் தள்ளினால் குறைந்த எடையில் அதிக விறைப்பு கிடைக்கிறது. கடையில் சட்டத்தை முன்பக்கம் பார்த்து விலை பேசுகிறவர்கள் அதன் வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். சுவர்த் தடிமன் எவ்வளவு, உள்ளே குறுக்குச் சுவர் உண்டா என்பது அங்கே தெரிந்துவிடும்.

அலுமினியக் கதவு என்றால் எடை குறைவு என்று பலரும் நம்புகிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 2.4 மீட்டர் உயரம், 45 சென்டிமீட்டர் அகலமுள்ள கதவை எடுத்துக்கொள்வோம். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்தால் சுமார் 12, 13 கிலோ. அதே அளவில் சட்டம் இரண்டு கிலோவைச் சற்றுத் தாண்டும். 4 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும் பத்துக் கிலோ. கூட்டினால் பிளைவுட்டுக்குக் குறைவில்லை. 5 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் அதைவிடக் கூடுதல். பிளைவுட்டையும் எம்.டி.எஃப்.பையும் விட இதன் நன்மை வேறு. மழைக்காலத்தில் இது ஈரத்தை இழுத்து ஊதாது, உயரத்தில் வில்லாக வளையாது, கரையான் அண்டாது.

எடையைத் தாங்குவது கீல். மரக் கதவில் 35 மில்லிமீட்டர் வட்டக் குழி வெட்டிக் கீலின் கிண்ணத்தைப் பதிப்பார்கள். 20 மில்லிமீட்டர் சட்டத்தில் அந்தக் குழிக்கு இடமே இல்லை. இதற்கென்று குறுகலான கீல் தனியாக இருக்கிறது. சட்டத்தின் பின்பக்கத்தில் திருகி உட்காரும். எட்டடிக் கதவுக்கு நான்கு அல்லது ஐந்து கீல் வேண்டும். இதில் ஒன்றைக் குறைத்துச் சிக்கனம் செய்த கதவு சில மாதங்களில் தொங்கத் தொடங்கும். பணம் குறைவாக இருந்தால் கண்ணாடியின் நிறத்தில் குறையுங்கள், கீலில் குறைக்காதீர்கள்.

திறமை தெரிவது மூலையில். இரு சட்டங்களும் 45 டிகிரியில் வெட்டப்பட்டு, உள்ளே எல் வடிவத் துண்டால் பிணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு துண்டிலும் அரை டிகிரி தவறினால் போதும், மூலையில் அரை மில்லிமீட்டர் பிளவு விழுந்துவிடும். மரத்தில் அதைப் புட்டி வைத்து மறைக்கலாம். கறுப்பு அலுமினியத்தில் அது வெள்ளைக் கோடாகத் தெரியும். நல்ல பட்டறையில் இரட்டைத் தலை ரம்பம் இரு முனையையும் ஒரே நேரத்தில் வெட்டும். கூடவே அலமாரிப் பெட்டியும் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்க வேண்டும். இரண்டு கதவுக்கு நடுவே மூன்று மில்லிமீட்டர் சந்துதான் இருக்கிறது; சுவர் சாய்ந்திருந்தால் மேலே இரண்டும் கீழே ஐந்துமாக அது காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணாடி டஃபன்டு ஆக இருக்க வேண்டும், குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் பேரமே கூடாது. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிர்வித்த கண்ணாடி அது. உடைந்தால் கூரிய சில்லாகாமல் சிறு மணிகளாக உதிரும். பதப்படுத்திய பின் அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது. ஆகவே அளவெடுப்பவரின் ஒரு பிழை முழுக் கண்ணாடியையும் வீணாக்கும். கண்ணாடியைவிட அலுமினியம் இரண்டரை மடங்கு விரிவடையும். மேற்குச் சுவரோரம் வெயிலில் சூடேறும் எட்டடிக் கதவில் இந்த வித்தியாசம் அரை மில்லிமீட்டர் வரை வரும். நடுவில் உள்ள ரப்பர் கேஸ்கட் அதை வாங்கிக்கொள்கிறது.

நிறத்துக்கு இரண்டு வழி உண்டு. பவுடர் கோட்டிங் மேலே பூசிய பூச்சு. அனோடைசிங் அப்படியல்ல, கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி, உலோகத்தின் மேல்தோலையே ஆக்சைடாக மாற்றுகிறார்கள். நீலக்கல்லும் அதே அலுமினிய ஆக்சைடுதான், அதனால் கீறல் எளிதில் விழாது. இந்த வித்தை ஓசூர் வட்டாரத்துக்குப் புதிதல்ல: கெலமங்கலம் பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் செல்பேசிகளின் உலோக உடல் கடையப்பட்டு அனோடைஸும் செய்யப்படுகிறது.

உலோகத்துக்கும் பக்கத்து ஊர்க் கதை ஒன்று இருந்தது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் மால்கோ நிறுவனம் 1965 முதல் அலுமினியம் எடுத்தது. 2008-இல் அந்த உருக்காலை நின்றது. ஒரு கிலோ அலுமினியம் எடுக்க சுமார் 14 யூனிட் மின்சாரம் ஆகிறது. மின்சாரம் விலையேறும் இடத்தில் இந்தத் தொழில் நிற்காது. இன்று நம் நாட்டின் முதல்நிலை அலுமினியத்தில் பெரும்பங்கு ஒடிசாவின் அங்குல், ஜார்சுகுடா போன்ற ஊர்களில் உருவாகிறது. பழைய ஜன்னலையும் சட்டத்தையும் உருக்கி மீண்டும் எடுத்தால் அந்த மின்சக்தியில் இருபதில் ஒரு பங்கு போதும். அடுத்த முறை வீட்டை மாற்றும்போது சட்டத்தைக் கண்ணாடியிலிருந்து பிரித்துத் தனியே எடைக்குப் போடுங்கள்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சட்டத்தின் மேல் ஒட்டிவரும் பிளாஸ்டிக் படலத்தை வீட்டில் சிமென்ட், சுண்ணாம்பு வேலை முடியும்வரை உரிக்க வேண்டாம். இரண்டும் காரம், ஈரமாகத் தெறித்துக் காய்ந்தால் அனோடைஸ் தோலை அரித்து வெள்ளைத் திட்டு விடும். அந்தத் திட்டு துடைத்தாலும் தேய்த்தாலும் போகாது, சட்டத்தையே மாற்ற வேண்டிவரும். பின்னாளில் துடைக்க ஈரத்துணியும் துளி ஷாம்புவும் போதும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் துணிச் சோடாவையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.