கித்தேரி: முத்துக்குளித்துறைக் கரையில் ஒரு புனிதையின் பெயர்

முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கரிடையே வழங்கிவரும் பெண்பாற் பெயர்களுள் கித்தேரி என்பது தனித்து நோக்கத்தக்கது. பெரும்பாலும் அம்மாள் என்னும் சொல்லோடு இயைந்து கித்தேரியம்மாள் என வழங்கும் இது, லத்தீன் திருச்சபை நாட்காட்டியில் மே 22ஆம் நாளுக்குரிய கன்னியும் மறைச்சாட்சியுமான புனிதை ஒருவரின் பெயர். அவரைப் பாடுபொருளாகக் கொண்டு வீரமாமுனிவர் (1680–1747) கித்தேரியம்மாள் அம்மானை இயற்றினார். எனவே பெயரைத் தமிழ்ப்படுத்தியவரும் அவரே என்று கருத இடமுண்டு. ஆனால் பெயரின் ஒலிவடிவம் அக்கருத்துக்கு இசையவில்லை. அது முனிவரின் ஏட்டைவிடக் கடற்கரை மக்களின் நாவையே சுட்டுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஐரோப்பாவில் பெயரின் பரப்பு

லத்தீனில் குவித்தேரியா என ஒலிக்கத்தக்க இப்பெயரின் வேர் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. கிரேக்கக் காதல் தெய்வமான அப்ரோதித்தேயின் அடைமொழிகளுள் ஒன்றான கித்தெரெயா என்பதோடு இதனை இணைப்போர் உளர். கித்தெரா என்னும் தீவின் பெயரடியாகப் பிறந்தது அவ்வடைமொழி. வேர் எதுவாயினும், பெயர் பரவியது லத்தீன் வழிபாட்டு மரபின் வழியாகவே.

போர்த்துகீசிய மரபுரை இப்புனிதையைப் பிராகா நகரில் ஒரே பேற்றில் பிறந்த ஒன்பது சகோதரியருள் ஒருவராகக் கூறும். உடன்பிறந்தோராகச் சொல்லப்படும் லிபராத்தா, விக்தோரியா, மரீனா, ஜெர்மானா ஆகியோரின் பெயர்கள் ஐயமற்ற லத்தீன் பெயர்கள். பிரான்சின் தென்மேற்கே அதூர் ஆற்றங்கரையிலுள்ள ஏர் நகரில் அவர் பெயரிலமைந்த கோயிலும் பழமையான பளிங்குக் கல்லறைப் பேழையும் உள்ளன. வெறிநாய்க்கடிக்கு அவரை வேண்டிக்கொள்வது இரு நாடுகளுக்கும் பொதுவான வழக்கம். செர்வாந்தஸ் 1615இல் வெளியிட்ட தோன் கிகோத்தே இரண்டாம் பாகத்தில், செல்வன் கமாச்சோவுக்கு மணம் பேசப்பட்ட சிற்றூர்ப் பேரழகியின் பெயர் கித்தேரியா. அக்காலத்து ஸ்பானிய நாட்டுப்புறத்தில் இது இயல்பான பெயராக இருந்ததற்கு இது சான்றாகும். பிரேசில் விடுதலைப் போரில் ஆணுடையில் படையிற் சேர்ந்து போரிட்ட மரியா கித்தேரியா (1792–1853) வழியாக அப்பெயர் அந்நாட்டு வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது.

இப்பரப்பின் எல்லைதான் ஆய்வுக்கு முதன்மையானது. லூசியா என்னும் லத்தீன் பெயர் லூசி, லூசீ, லுசீயா எனப் பல மொழிகளிலும் பரவியது. கித்தேரியாவோ ஐபீரியத் தீபகற்பம், தென்மேற்குப் பிரான்ஸ், பின்னர் அந்நாட்டினர் கடல்கடந்து சென்ற நிலங்கள் என்ற அளவில் நின்றது. ஆங்கிலத்திலும் ஜெர்மானியத்திலும் இது மக்கட்பெயராக வேரூன்றவில்லை. எனவே பிற்கால ஆங்கிலேய, தேனிய, ஜெர்மானியத் தொடர்புகள் வழியாக இது தமிழுக்கு வந்திருக்க இயலாது.

ஒலிவடிவம் தரும் சான்று

லத்தீன் வடிவின் முதலொலி ககரமும் வகர உடனொலியும் இணைந்தது. இத்தாலியர் லத்தீனை ஒலிக்கும் முறையிலும் அவ்வுடனொலி நிலைக்கும். அதைக் காட்டத் தமிழில் தடையேதுமில்லை. குவித்தேரி என்று எழுதியிருக்கலாம், கு மொழிமுதலாகும் எழுத்தே. போர்த்துகீசியத்திலும் ஸ்பானியத்திலும் பிரெஞ்சிலும் அந்த வகர ஒலி மறைந்து கி என்றே ஒலிக்கும். தமிழ் வடிவம் இவற்றோடு ஒத்துச் செல்கிறது. பிரெஞ்சு வடிவில் இடையுயிர் தேய்ந்து கித்ரி என்றாகிவிடுவதால், தமிழின் நெட்டுயிரான தே அதிலிருந்து தோன்றியிருக்க முடியாது. எஞ்சும் ஐபீரிய மொழிகள் இரண்டனுள், இக்கரையில் 1530களிலிருந்து சமய ஆட்சி செலுத்தியவர் மொழி போர்த்துகீசியம். அம்மொழியில் அழுத்தம் பெறும் அசையே தமிழில் நெடிலாயிற்று.

தகர இரட்டிப்பும் பொருளுடையது. உயிரிடையில் தனித்து நிற்கும் வல்லினம் தமிழில் மெலிந்து ஒலிக்கும். வன்மை குன்றாதிருக்க இரட்டிக்க வேண்டும். மிக்கேல், கத்தரீனாள் முதலியவற்றிலும் இதே நெறியைக் காணலாம். போர்த்துகீசியத் தகரம் பல்லொலியாதலின் தமிழில் தகரமே அமைந்தது. அந்தோனியும் ஆன்டனியும் ஒரே லத்தீன் பெயரின் இரு அடுக்குகள் என்பதை இவ்வொலி வேறுபாடே காட்டும். முன்னது போர்த்துகீசிய வாய்வழி வந்தது, பின்னது ஆங்கிலவழி வந்தது.

ஈற்றில் நிகழ்ந்த மாற்றம் இன்னும் சுவையானது. கித்தேரியா என்பதோடு அம்மாள் சேருங்கால், நன்னூல் 162ஆம் நூற்பாவின்படி வகர உடம்படுமெய் தோன்றிக் கித்தேரியாவம்மாள் என்றாக வேண்டும். வழங்கும் வடிவமோ கித்தேரியம்மாள். மரியாவும் மரியம்மாள் ஆனது இவ்வாறே. இவ்வடிவத்தைக் கேட்போர் அதிலுள்ள யகரத்தை உடம்படுமெய்யாகக் கொண்டு, கித்தேரி எனும் இகர ஈற்றுப் பெயரைப் பிரித்தெடுத்தனர் எனக் கொள்வதே பொருந்தும். அயற்சொல்லின் ஈறு தமிழ்ப் புணர்ச்சியின் துணையால் தமிழாயிற்று. ஏட்டிலிருந்து எழுத்துக்கு எழுத்தாகப் பெயர்ப்பவர் கையில் இம்மாற்றம் நிகழ்வது அரிது. அன்றாடம் அழைப்போர் வாயிலேயே நிகழும். (இக்கரையின் செம்மணல் மேடான தேரி இப்பெயருக்குள் ஒலிப்பது தற்செயலே. சொற்பிறப்பு ஆர்வலர் அதில் மயங்கலாகாது.)

கடலோரமும் கரிசலும்

பரதவரின் ஏழு கடற்றுறைகளுள் வேம்பாரும் வைப்பாரும் இன்றைய விளாத்திகுளம் வட்டத்தில் அடங்கும். அங்கிருந்து உள்நாட்டுக் கரிசல் நிலத்துக்குத் தொலைவு அதிகமில்லை. பெயரிடும் மரபிலோ பெருந்தொலைவு. கடற்கரையில் பெயர்கள் ஒலிவழி வந்தன. சந்தியாகு, சவேரி, சூசை ஆகியவை அவ்வகையின. யோசேப்பு என்னும் பெயர் சூசையானதற்குப் போர்த்துகீசிய ஒலிப்பே காரணம். உள்நாட்டில், 1606இல் தத்துவ போதகர் தொடங்கிய மதுரை மறைபரப்புத்தளத்தின் மரபில், பொருள்வழிப் பெயர்ப்பு மிகுந்தது. சிறியவன் எனப் பொருள்படும் லத்தீன் பவுலுஸ் சின்னப்பர் ஆனார். இறைவன் துணை எனப் பொருள்படும் லாசரு தேவசகாயம் ஆனார். பரங்கியர் சமயம் என்ற பழியை நீக்கும் நோக்கமும் இதிலுண்டு.

கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் இவ்வுள்நாட்டு மரபினர். தேம்பாவணியில் (1726) சூசையை வளன் எனப் பொருள்வழிப் பெயர்த்தவர், இப்புனிதையின் பெயரை மட்டும் ஏன் ஒலிவடிவிலேயே விட்டார்? அம்மானை மகளிர் பாடும் எளிய இலக்கிய வகை, அதற்குச் செந்தமிழாக்கம் வேண்டியதில்லை எனலாம். இது ஓரளவே பொருந்தும். எளிய தமிழிலும் பொருள்வழிப் பெயர் அமையும் என்பதற்குச் சின்னப்பரே சான்று. போர்த்துகீசியம் அறிந்திருந்த அவரே இவ்வடிவத்தைப் புதிதாக அமைத்தார் எனவும் வாதிடலாம். ஆயினும் ஈற்றுத் திரிபு அதற்கு இடந்தரவில்லை. மக்களிடம் முன்னரே நிலைபெற்ற பெயரை அவர் ஏற்றுக்கொண்டார் எனக் கொள்வதே ஒலிச்சான்றுக்கும் இலக்கிய வகைக்கும் ஒருங்கே பொருந்துகிறது. 1586இல் அச்சான அடியார் வரலாறு முதலாகவே புனிதர் கதைகள் தமிழில் இக்கரை மக்களை எட்டியிருந்தன என்பதும் இங்குக் கருதத்தக்கது.

லூசியம்மாளுக்கு லூசி என்றும், கத்தரீனாளுக்குக் கேத்தரின் என்றும் அடுத்த தலைமுறையில் ஆங்கில வடிவங்கள் கிடைத்தன. கித்தேரிக்கு அத்தகைய மாற்று வடிவம் ஆங்கிலத்திலேயே இல்லை. அதனால் இது மாறாமல் நின்றது. அதனாலேயே பழைய பெயராகவும் தோன்றுகிறது. இன்று சான்றிதழ்களில் உரோமன் எழுத்தில் எழுதப்படும்போது இப்பெயர் லத்தீனுக்குரிய க்யூ எழுத்தில் தொடங்காமல் கே எழுத்தில் தொடங்குகிறது. தமிழ்த் தகரத்தைக் காட்ட டீயுடன் எச்சும் சேர்கிறது. உரோமன் எழுத்திலிருந்து வந்த பெயர் தமிழ் ஒலியோடு அதே எழுத்துக்குத் திரும்பியிருக்கிறது.