பாஸ்போர்ட் உங்க பேர்லதான் இருக்கு... ஆனா அது யாருக்குச் சொந்தம் தெரியுமா?

விடிந்தால் ஃபிளைட். பெட்டி ரெடி, விசா ரெடி. கடைசி நேரத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டினால் போட்டோ உள்ள பக்கத்தில் தண்ணீர் கறை, ஓரத்தில் கிழிசல். 'முகம் தெரியுதே, போதாதா?' என்று கிளம்பினால், செக்-இன் கவுன்ட்டரிலேயே பயணம் முடிந்துபோகலாம். போய் இறங்கும் நாடு உங்களைத் திருப்பி அனுப்பினால், விமான நிறுவனமே அழைத்து வர வேண்டும், அபராதமும் விழலாம். அதனால்தான் அவர்கள் ரிஸ்க் எடுப்பதில்லை.

உங்களுடையது இல்லையா?

இல்லை. 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து. நாம் அதைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள், அவ்வளவுதான். அதில் கிறுக்குவது, திருத்துவது, பக்கத்தைக் கிழிப்பது எல்லாம் வம்பில் முடியும். பழைய பயணத்தை வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கப் பக்கங்களைக் கிழித்தவர்கள், மும்பை விமான நிலையத்தில் கைதான செய்திகளைப் பார்த்திருப்பீர்கள்.

கம்பெனி கேட்டால் கொடுக்கலாமா?

விசா வேலைக்காகச் சில நாட்கள் கொடுப்பது வேறு. 'வேலை முடியும்வரை எங்ககிட்டயே இருக்கட்டும்' என்பது வேறு. கத்தார், அமீரகம் போன்ற நாடுகளின் சட்டங்களும் முதலாளி இப்படி வைத்துக்கொள்வதைத் தடை செய்கின்றன. கடனுக்கு அடமானமாகவும் வைக்க முடியாது. அரசின் சொத்தை நாம் எப்படி அடகு வைப்பது? பாஸ்போர்ட்டை முடக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்குத்தான் உண்டு என்று 2008-ல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஏஜென்ட்டிடம் கொடுத்தாலும், தேதியோடு எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

தொலைந்துபோனால்?

ஊரில் என்றால், முதலில் காவல் நிலையத்தில் புகார். பிறகு பாஸ்போர்ட் சேவா தளத்தில் மறுவழங்கலுக்கு விண்ணப்பம். எங்கே, எப்படித் தொலைந்தது என்ற உறுதிமொழியும் தர வேண்டும். சாதாரணமாகப் புதுப்பிக்க 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய் என்றால், தொலைந்ததற்கோ சேதமானதற்கோ 3,000 ரூபாய். தொலைந்ததாகச் சொன்ன பாஸ்போர்ட் ரத்தாகிவிடும். நாளைக்கே பீரோவில் கிடைத்தாலும், அதை வைத்துப் பறக்க முடியாது.

வெளிநாட்டில் என்றால், அங்குள்ள போலீஸில் புகார் கொடுத்துவிட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். உடனே ஊர் திரும்ப வேண்டியவர்களுக்கு 'எமர்ஜென்சி சர்டிபிகேட்' தருவார்கள். அது இந்தியா திரும்ப மட்டும்தான். வேறு நாட்டுக்குப் போக உதவாது.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

* முதல், கடைசிப் பக்கங்களையும் விசாவையும் ஸ்கேன் செய்து வையுங்கள். வீட்டில் ஒருவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும். ஆனால் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.

* காலாவதி தேதியைப் பாருங்கள். பல நாடுகள் குறைந்தது 6 மாத செல்லுபடி கேட்கின்றன. காலாவதிக்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம்.

* ஸ்டேப்ளர் பின் வேண்டாம், மடிக்க வேண்டாம். புதிய இ-பாஸ்போர்ட்டில் சிப் இருப்பதால் இன்னும் கவனம் தேவை.

* பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதியதோடு சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

படித்து முடித்ததும் ஒரு வேலை: பீரோவைத் திறந்து, பாஸ்போர்ட் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கெட் போடுவதற்கு முன் தெரிந்துகொள்வதுதான் நல்லது!