மாத்திரை மலிவு, சோதனையோ ஒரு நாள் கூலி

திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் விவசாயக் கூலி வேலை செய்பவர் என் பழைய மாணவரின் தாயார். அவருக்குச் செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. உலோக வால்வின்மீது இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். அதைத் தடுக்க வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை உட்கொண்டாக வேண்டும்.

மாத்திரையின் விலை சில ரூபாய்தான். ஆனால் அளவு குறைந்தால் உறைவு. மிகுந்தால் இரத்தக் கசிவு. ஆகவே ‘ஐ.என்.ஆர்.’ என்னும் இரத்தச் சோதனையைச் சில வாரங்களுக்கு ஒருமுறை செய்வது அவசியம். நலமுள்ளவருக்கு ஏறத்தாழ 1 என இருக்கும் இந்த அளவு, இவர்களுக்குப் பெரும்பாலும் 2-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையைத் திடீரெனக் கூட்டினாலும் குறைத்தாலும் அது மாறும். மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலிநிவாரணியோ இரத்தக் கசிவு அபாயத்தையே கூட்டிவிடும். இதை அந்த அம்மையாரிடம் எவரும் சொல்லியிருக்கவில்லை.

சோதனைக்காக அவர் விழுப்புரம் சென்று வர ஒரு நாள் கூலி போகிறது. பொருளியலில் இதனை வாய்ப்புச் செலவு என்போம். நடவுக் காலத்தில் அவர் சோதனையைத் தள்ளிப்போடுவது அறியாமையன்று, கணக்கு.

சோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் உண்டே எனலாம். உலோக வால்வுக்கு அவை உதவா. டாபிகாட்ரான் மருந்தை இவ்வாறு பரிசோதித்த ஆய்வு, உறைவும் கசிவும் மிகுந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுவாசலுக்கே வருகிறது. விரல் நுனிக் குருதித் துளியில் சில நிமிடங்களில் ஐ.என்.ஆர். காட்டும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. வட்டாரத்துக்கு ஒன்றையாவது அத்திட்டத்தில் சேர்க்கலாம்.