பெயருள்ள புயலும் பெயரில்லாக் காற்றும்

கெங்கவல்லிக்கும் கடலுக்கும் நெடுந்தூரம். ஆயினும் சித்திரை, வைகாசியில், வெயில் முறுகிய பிற்பகலில் இடியோடு சூறைக்காற்று கிளம்பிவிட்டால், குலை தள்ளிய வாழை அரை மணி நேரத்தில் அடியோடு சாய்ந்துவிடும். பாக்கு மரம் நடுவே முறியும். தெருவில் பாவு நீட்டிய நெசவாளர், கஞ்சி உலருமுன் புழுதி படிந்த நூலைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

இக்காற்றுக்குப் பெயர் இல்லை. கடலில் பிறக்கும் புயலுக்கோ, காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும், டில்லியிலுள்ள இந்திய வானிலைத் துறை பட்டியலில் அடுத்து நிற்கும் பெயரைச் சூட்டுகிறது. நம் பக்கத்துக் கடல்களில் இம்முறை 2004இல் தொடங்கிற்று. முதற்பெயர் வங்காளதேசம் அளித்த 'ஓனில்'. 2020இல் வெளியான பட்டியலில் 13 நாடுகள் தலைக்குப் பதின்மூன்றாக 169 பெயர்களை அளித்தன. இந்தியா தந்தவற்றுள் 'முரசு' என்பதும் ஒன்று. தமிழ்ச் சொல், புயலின் ஓசையைக் காதால் கேட்டவர் வைத்த பெயர் போலும்!

வாடை, தென்றல், கொண்டல், கோடை எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டவர் நம் முன்னோர். எனினும் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை ஊர்ப் பெயராலேயே குறிக்கிறோம். 2018 நவம்பரில் வேதாரணியம் அருகே கரை கடந்ததோ 'கஜா'. இலங்கை தந்த பெயர். எச்சரிக்கையில் குழப்பம் நேராதிருக்கவே இவ்வேற்பாடு.

ஆனால் புயலென்று ஏட்டில் ஏறுவதால் வேறொரு பயனும் உண்டென்பதைக் கடன் பேரேடு புரட்டுவோர் அறிவர். 2021 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிதி நெறிகளில் மத்திய அரசாங்கம் குறித்த 12 இடர்களுள் புயல் உண்டு, ஆலங்கட்டி மழை உண்டு. வெறுஞ் சூறைக்காற்று இல்லை. மாநில அரசாங்கம் தான் கருதும் இடருக்கு அந்நிதியில் 10 விழுக்காடு வரை செலவிடலாம் என்று மட்டும் இடம் விடப்பட்டது. பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றுவதும் பேரிடர் அறிவிப்பை ஒட்டியே நடைபெறுவது வழக்கம். அதே வாழை, அதே கடன்; சாய்த்த காற்று எங்கே பிறந்தது என்பதைப் பொறுத்து ஒருவருக்குத் தவணை நீள்கிறது, மற்றவர் பெயர் பாக்கிப் பட்டியலில் ஏறுகிறது. இது முறையன்று என்பதே நம் கருத்து.

அங்கத்தினர்கள் காற்று ஓய்ந்த மறுநாளே கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலைத் துறைக்கும் சங்கச் செயலாளருக்கும் எழுத்து மூலம் தெரிவிப்பது நலம். நாள், நேரம், சர்வே எண், சாய்ந்த மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, மரத்தை அப்புறப்படுத்துமுன் படமும் எடுத்துக்கொள்க. காற்றோடு ஆலங்கட்டியும் விழுந்திருப்பின் அதை மறவாது எழுதுக. பயிர்க் காப்பீட்டில் அதற்கு இடமுண்டு. தெரிவிக்கக் கெடு 72 மணி நேரமே.