நோயும் பத்திரத்தின் சொல்லும்

காப்புறுதி என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவது மரணத்தின் எண்ணமே. குடும்பத் தலைவன் இறந்தபின் மனைவி மக்களுக்குக் கிடைக்கும் பணம் என்பதே ஆயுட் காப்புறுதியைப் பற்றிய பொதுக் கருத்து. ஆனால் இறவாமல் நோயுற்றுக் கிடப்பவனின் நிலை யாது? வருவாய் நின்றுவிடுகிறது, செலவோ பெருகுகிறது. இவ்விடரை நோக்கி எழுந்ததே கடும்நோய்க் காப்புறுதி.

இதனைத் தோற்றுவித்தவர் ஒரு வைத்தியர் என்பது வியப்பிற்குரியது. 1967ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில், உலகின் முதலாவது மனித இருதய மாற்றுச் சிகிச்சையைக் கிறிஸ்டியன் பர்னாட் நடத்தினார். அக்குழுவில் பணியாற்றியவர் அவருடைய தம்பி மாரியஸ் பர்னாட். சிகிச்சையால் உயிர் பிழைத்தவர் பலர் பணமின்மையால் நொடிந்துபோவதைப் பின்னாளில் கண்ட மாரியஸ், காப்புறுதிக் கம்பனி ஒன்றுடன் சேர்ந்து 1983இல் புதிய பத்திரமொன்றை வெளியிடச் செய்தார். மாரடைப்பு, பாரிசவாதம், புற்றுநோய், இருதய இரத்தக்குழாய் மாற்றுவழிச் சத்திரசிகிச்சை ஆகிய நான்குமே அதில் அடங்கின. இன்றைய பத்திரங்களில் இப்பட்டியல் மிக நீண்டுள்ளது.

இது வைத்தியசாலைச் சிட்டைகளுக்குப் பணம் தரும் காப்புறுதியன்று. குறித்த நோய் உறுதியானதும் குறித்த தொகை ஒருங்கே கிடைக்கும். இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையும் அவற்றுள் ஒன்று. அவ்வாறாயின் இப்பணம் எதற்கு என்று வினவலாம். வீட்டு வாடகைக்கு, பிள்ளைகளின் படிப்பிற்கு, மூடிக்கிடக்கும் கடையின் கடனுக்கு என்பதே விடை.

ஆயின், ஒருவர் படும் துன்பத்தின் அளவை நோக்கி இப்பணம் வழங்கப்படுவதில்லை. பத்திரத்திலுள்ள வரைவிலக்கணத்தை நோக்கியே வழங்கப்படுகிறது. நெஞ்சுவலி வந்தோர் யாவரும் மாரடைப்புக்கு உள்ளானோர் ஆகார். இருதய மின்வரைபும் இரத்தப் பரிசோதனையும் அதனை மெய்ப்பிக்க வேண்டும். தோன்றிய இடத்தைவிட்டுப் பரவாத மிகத் தொடக்கநிலைப் புற்றினைப் பல பத்திரங்கள் விலக்கிவிடுகின்றன. பத்திரம் எடுத்த முதற் சில மாதங்களுக்குள் வரும் நோய்க்குப் பணமில்லை என்ற நிபந்தனையும் பொதுவாக உண்டு. பிரித்தானியக் காப்புறுதியாளர் சங்கம் 1999இல் பொது வரைவிலக்கணங்களை வகுக்க நேர்ந்தது, கம்பனிக்குக் கம்பனி சொற்பொருள் மாறியமையாலேயே.

முகவருக்குப் பயிற்சி வேண்டும் என்பது இதனாலேதான். கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் வரும் முகவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார், உறவினராகவும் இருக்கலாம். பேச்செல்லாம் தமிழில் நிகழும். படிவமோ ஆங்கிலத்தில் இருக்கக்கூடும். “நீரிழிவு உண்டா?” என்ற இடத்தில், “அண்ணை, அது சின்ன விஷயம், இல்லையென்று போடுவம்” என்று முகவர் எழுதிவிடுகிறார். கேட்பதற்குக் கூச்சம் ஒருபுறம், கைநழுவிப்போகும் தரகுப்பணம் ஒருபுறம். கடைக்காரரும் கையொப்பமிடுகிறார். சில ஆண்டுகளின்பின் மாரடைப்பு வருகிறது, பழைய கிளினிக் புத்தகத்தைக் கம்பனி பார்க்கிறது, கோரிக்கை மறுக்கப்படுகிறது. தவறாமற் கட்டிய தவணைப்பணம் அக்குடும்பத்திற்கு உதவாது போகிறது.

கம்பனியின் இம்மறுப்புக்குப் பழைய சட்டவேர் ஒன்றுண்டு. சுமாத்திராவிலிருந்த ஆங்கிலேயக் கோட்டையொன்றின் காப்புறுதி தொடர்பான வழக்கில், 1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு இக்கோட்பாட்டை விளக்கினார். காப்புறுதி பெறுபவர் தமக்கு மட்டுமே தெரிந்த முக்கிய செய்தியை மறைத்தலாகாது என்பது அதன் சாரம். நன்று. ஆனால் எதனைச் சொல்லவேண்டும் என்பதைச் சாதாரண மனிதர் எங்ஙனம் அறிவார்? கேட்டுத் தெளிவிக்க வேண்டியவர் முகவரே.

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் காப்புறுதித் தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. முகவராக வருவோர் முற்தேர்வொன்றில் சித்தியடைதல் வேண்டும். தேர்வு அவசியமே, எனினும் பாடங்களை மனனஞ் செய்தவர் யாவரும் நல்ல முகவர் ஆகிவிடார். ஆறுதலாக அமர்ந்து நோய் வரலாற்றைக் கேட்கவும், பத்திரம் எவற்றுக்குப் பணம் தராது என்பதை முதலிலேயே சொல்லவும், வரைவிலக்கணத்தை வீட்டுத் தமிழில் விளக்கவும் பழக்குவதே மெய்யான பயிற்சி. விற்பனைப் பேச்சைக் கற்பிக்கும் வகுப்புகளுக்குக் குறைவில்லை. இதற்கே நேரம் போதுவதில்லை போலும்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பத்திரம் எடுக்க எண்ணும் நேயர்கள், படிவத்தின் ஒவ்வொரு வினாவையும் தமிழில் வாசித்துக் காட்டும்படி முகவரைக் கேட்கலாம். உட்கொள்ளும் மாத்திரைகளையும் செல்லும் கிளினிக்கையும் மறைக்காது எழுதுவிக்கலாம். தவணை சற்றுக் கூடலாம். ஒரு நோய் விலக்கப்படவும் கூடும். கையொப்பமிட்ட படிவத்தின் பிரதியொன்றைப் பத்திரத்துடன் சேர்த்து வைத்திருப்பதும், அவை இருக்குமிடத்தை வீட்டிலுள்ள இன்னொருவருக்குச் சொல்லிவைப்பதும் நன்று.